பள்ளிக்கூடம் போகாத எழுத்து

மண்ணும் மொழியும் – வரலாற்றுத் தொடர்: 7

சென்ற இதழில் பிரெய்னர்ட் மிஷன் பள்ளியோடு நிறுத்தியிருந்தோம். டென்னசியில், இன்றைய சாட்டனூகா நகரத்தின் அருகே, செரோக்கி மக்களின் சொந்த நிலத்தில் 1817-இல் அந்தப் பள்ளியைத் திறந்தது பாஸ்டனைச் சேர்ந்த 'அமெரிக்கன் போர்டு'. யாழ்ப்பாண வாசகர்களுக்கு இந்தப் போர்டைத் தெரிந்திருக்கும். 1816-இல் அங்கே வந்திறங்கி, பிறகு வட்டுக்கோட்டை செமினரியையும் உடுவில் பெண்கள் பள்ளியையும் நடத்தியவர்கள் இவர்களேதான். அப்பலாச்சியன் மலைச்சாரலில் செரோக்கிப் பிள்ளைகளும் பனைவெளிகளுக்கு நடுவே தமிழ்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே நன்கொடைப் பெட்டியிலிருந்து வந்த பணத்தில் ஆங்கிலம் படித்தார்கள். மிஷன் மதிக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்களின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது இரண்டு இடத்திலும் வழக்கமாக இருந்தது. 1841-இல் 'உதயதாரகை' பத்திரிகையை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழர்கள். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் எலியாஸ் பூடினாட் செரோக்கிக்காரர்.

ஆனால் கதை தொடங்குவது பூடினாட்டிடமிருந்து அல்ல. எந்த மிஷன் பள்ளியிலும் ஒருநாள்கூட உட்கார்ந்து படிக்காத ஒருவரிடமிருந்து.

அவர் பெயர் செக்வோயா. லிட்டில் டென்னசி ஆற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 1770-களில் பிறந்தவர் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அவரை ஜார்ஜ் கெஸ் என்று அழைத்தார்கள். ஒரு கால் ஊனம். வெள்ளி நகை செய்வார், இரும்பும் அடிப்பார். 1813–14-இல் நடந்த கிரீக் போரில் செரோக்கிப் படையோடு போயிருக்கிறார். ஆங்கிலம் பேச வராது, வாசிக்கவும் தெரியாது. வெள்ளைக்காரர்கள் தாளில் கீறியதை அனுப்பிவைக்க, எங்கோ தூரத்தில் இருக்கும் இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டுச் செய்தி சொல்கிறார் என்பதை மட்டும் அவர் கண்டிருந்தார். அது அவர்களுடைய கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வரம் என்று ஊரார் நம்பினார்கள். மனிதன் செய்த வேலை, நம்மாலும் செய்ய முடியும் என்று செக்வோயா நம்பினார்.

1809 வாக்கில் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி போட்டுப் பார்த்தார். குறிகள் பெருகிக்கொண்டே போயின. போட்டவருக்கே நினைவில் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு, பேச்சைக் காதால் அறுக்கத் தொடங்கினார். செரோக்கியில் பெரும்பாலான அசைகள் உயிரொலியில் முடிபவை. திரும்பத் திரும்ப வரும் அந்த அசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் கொடுத்தார். இதற்கு 12 ஆண்டுகள் ஆயின. வயலைக் கவனிக்காமல் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார், இது சூனிய வேலை என்று ஊரில் பேச்சு எழுந்தது. அவர் சேர்த்துவைத்திருந்த குறிகளை எல்லாம் மனைவியே ஒருமுறை நெருப்பில் போட்டார் என்று செவிவழிக் கதை ஒன்றும் உண்டு.

அவர் உருவாக்கிய முறையைத் தமிழருக்கு விளக்குவது எளிது. நம் உயிர்மெய் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கா, கி, கெ என்று எழுதும்போது ககரத்தின் உருவம் எல்லாவற்றிலும் இருக்கிறது. துணைக்காலும் கொக்கியும் கொம்பும்தான் மாறுகின்றன. செக்வோயாவின் எழுத்தில் அந்த உறவு கிடையாது. 'கா'வுக்கு ஒரு வடிவம் என்றால் 'கி'க்கு அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு வடிவம். மொத்தம் 86 எழுத்துகள். பின்னால் ஒன்று கழிந்து 85 ஆனது. கையில் கிடைத்த ஆங்கில அரிச்சுவடி ஒன்றிலிருந்தும் சில உருவங்களை எடுத்துக்கொண்டார், அவற்றின் ஒலி என்னவென்று தெரியாமலே. அச்சில் நிலைத்த வடிவங்களைப் பார்த்தால் ஆங்கில டபிள்யூவைப் போன்றது அங்கே 'லா', எச்சைப் போன்றது 'மீ', எம்மைப் போன்றது 'லூ'. ஆங்கிலம் படித்தவர் செரோக்கிப் பக்கம் ஒன்றைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்களாகவே இருக்கும், ஒன்றும் புரியாது.

முதல் மாணவி அவருடைய மகள் அயோக்கா, ஆறு வயதுப் பெண். 1821-இல் செரோக்கிப் பெரியவர்கள் முன்னால் நடந்த சோதனையைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். சாரம் ஒன்றுதான். தகப்பனையும் மகளையும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில் பிரித்து நிறுத்தினார்கள். பெரியவர்கள் ஒரு செய்தியை ஒருவர் காதில் சொன்னார்கள். அவர் எழுதியதை எடுத்துக்கொண்டுபோய் மற்றவரிடம் நீட்டினார்கள். சொன்னது சொன்னபடி வாயிலிருந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் இடத்தில் நின்று இதை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தென்பதே பிற இனத்தாரின் சொத்து என்று நம்பியிருந்தவர்கள், தங்கள் மொழி ஒரு துண்டுத்தாளில் ஏறி இன்னொரு வாயில் இறங்குவதை முதன்முறையாகக் கேட்கிறார்கள், அதுவும் ஒரு சிறுமியின் வாயால்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொடரில் நான் எழுத மிகவும் காத்திருந்த பகுதி. அந்த எழுத்தைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் எதுவும் திறக்கப்படவில்லை. சம்பளம் வாங்கிய வாத்தியார் கிடையாது. அச்சடித்த அரிச்சுவடி கிடையாது. கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். செரோக்கி பேசத் தெரிந்த ஒருவர் சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில், எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டார். அதே காலத்தில் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். செக்வோயா ஆர்கன்சா பக்கம் ஏற்கெனவே குடிபெயர்ந்திருந்த செரோக்கிகளிடம் போனார். அங்கிருந்து கிழக்கே உறவுக்காரர்களுக்குக் கடிதங்கள் வந்தன, இங்கிருந்து அங்கே போயின. எழுத்தை ஊன்றிவைத்தது அந்தக் கடிதங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். பிரிந்துபோன அண்ணனுக்கு நலம் விசாரித்து எழுத வேண்டும் என்பதைவிட வலிய காரணம் ஒரு மொழியை எழுதக் கற்பதற்கு வேண்டுமா? 1824-இல் செரோக்கிப் பேரவை அவருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது.

மிஷனரிகளுக்கு இது எதிர்பாராதது. பாஸ்டனில் ஜான் பிக்கரிங் என்ற மொழியறிஞர் அமெரிக்கப் பூர்வகுடி மொழிகள் அனைத்துக்கும் பொருந்தும்படி ரோமன் எழுத்தில் ஒரு முறையை 1820-இல் வகுத்துவைத்திருந்தார். அதன்படி செரோக்கிக்கு இலக்கணம் எழுதும் வேலையும் தொடங்கியிருந்தது. செரோக்கிகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்களில் ஒருவர் செய்த எழுத்து கைக்கு வந்தபின் வேறொன்று எதற்கு? இலக்கணம் பாதியில் நின்றது. 1824-இல் அட்சி என்ற செரோக்கி இளைஞர் யோவான் சுவிசேஷத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தபோது, அது செக்வோயாவின் எழுத்தில் கைப்பிரதிகளாகப் பரவியது. 1825-இல் வந்து சேர்ந்த சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரி நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டார். இந்த மக்கள் படிக்கப்போவது இந்த எழுத்தைத்தான், நாம் இதிலேயே அச்சடிக்க வேண்டும் என்று போர்டுக்கு எழுதினார். எழுத்துகளை உயிரொலி வரிசையில் அட்டவணையாக அடுக்கியவரும் அவரே.

இப்போது பூடினாட்டுக்கு வருவோம். 1802-இல் பிறந்தபோது அவர் பெயர் கல்லகீனா; வீட்டில் பக் வாட்டி. கனெக்டிகட் மாநிலத்தில் கார்ன்வால் என்ற ஊரில் அமெரிக்கன் போர்டு ஒரு பள்ளி நடத்தியது. ஹவாய், செரோக்கி, சாக்டா எனப் பல நாட்டு, பல இனத்துப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, மிஷனரிகளாக்கித் திருப்பியனுப்பும் திட்டம். 1818-இல் அங்கே போகும் வழியில் எலியாஸ் பூடினாட் என்ற முதியவரைச் சந்தித்தான் பையன். அமெரிக்க பைபிள் சங்கத்தின் தலைவர். ஒரு காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸுக்கே தலைமை வகித்தவர். அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டான்.

லத்தீன், வரலாறு, புவியியல், இறையியல் என்று நன்றாகப் படித்தார் இளைய பூடினாட். அந்த ஊர்ப் பெண் ஹேரியட் கோல்டும் அவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். செய்தி வெளியே தெரிந்த 1825-இல் ஊர் கூடி இருவரின் கொடும்பாவியையும் எரித்தது. பெண்ணின் உடன்பிறந்த அண்ணனே அதற்குத் தீ வைத்தார். செரோக்கிப் பையன் பைபிள் படிக்கலாம், லத்தீன் படிக்கலாம், ஒரு வெள்ளைக்காரரின் பெயரைக்கூட வைத்துக்கொள்ளலாம். வீட்டு மாப்பிள்ளையாக மட்டும் வரக்கூடாது. 1826-இல் திருமணம் நடந்தது. கொஞ்ச காலத்திலேயே பள்ளி மூடப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பூடினாட் ஆங்கிலக் கல்வி மீதிருந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை என்பதை மறக்காமல் மேலே படியுங்கள்.

அதே 1826-இல் அவர் பிலடெல்பியா முதலிய நகரங்களின் தேவாலயங்களில் பேசி, ஒரு அச்சகத்துக்காகப் பணம் திரட்டினார். பாஸ்டனில் செரோக்கி எழுத்துக்கு அச்சு வார்க்கப்பட்டது. அச்சகம், செரோக்கி நாட்டின் தலைநகரான நியூ எக்கோட்டாவுக்கு வந்து சேர்ந்தது. இன்றைய ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது அந்த இடம். அச்சகம் வந்தது, தாள் வரவில்லை. நாக்ஸ்வில் வரை ஆள் அனுப்பி வண்டியில் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்துக்கு இருந்த அச்சுப்பெட்டியில் 86 எழுத்துகளை வைக்க அறைகள் போதவில்லை; தனிப்பெட்டி செய்ய வேண்டியிருந்தது. ஜான் வீலர் என்ற வெள்ளைக்கார அச்சுக்கோப்பாளர் எந்த எழுத்து எந்த அறையில் என்று மனப்பாடம் செய்து, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே பத்திபத்தியாகக் கோத்தார். பின்னாளில் அவர் பூடினாட்டின் தங்கையையே மணந்துகொண்டார்.

1828 பிப்ரவரி 21-இல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' வார இதழ் வெளிவந்தது. பூர்வகுடி நாடொன்று நடத்திய முதல் செய்தித்தாள் இது. முந்தைய ஆண்டு அவர்கள் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம் முதல் இதழில் இரண்டு மொழியிலும் வந்தது. ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டினால் 2 டாலர் 50 சென்ட். செரோக்கி மட்டும் வாசிக்கத் தெரிந்தவருக்கு 2 டாலர். இந்த 50 சென்ட் வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்திரிகைக்கு இரண்டு வகை வாசகர்கள் என்பதை ஆசிரியர் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆங்கிலப் பத்திகள் வாஷிங்டனையும் பாஸ்டனையும் பார்த்து எழுதப்பட்டவை: நாங்கள் நாகரிகமடைந்த மக்கள், எங்களுக்குச் சட்டம் இருக்கிறது, எங்கள் நிலத்தைப் பிடுங்காதீர்கள். செரோக்கிப் பத்திகள் உள்ளூர்க்காரருக்கு. நான்கு பக்க இதழில் ஆங்கிலமே கூடுதல் இடம் பிடித்தது. மொழிபெயர்க்க ஆள் இல்லை, நேரம் இல்லை என்று பூடினாட் அவ்வப்போது வருந்தி எழுதினார்.

நிலம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் ஓர் அத்தியாயம் முழுக்க அதற்கே. ஜார்ஜியாவின் செரோக்கி நிலத்தில் தங்கம் கிடைத்தது. 1830 மே மாதம் ஆண்ட்ரூ ஜாக்சன், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநில அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த வூஸ்டருக்கு ஜார்ஜியா நான்கு ஆண்டு கடுங்காவல் விதித்தது. 1832-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது, செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு காகிதத்திலேயே நின்றது. எதிர்த்து நிற்பதில் இனிப் பயனில்லை என்ற முடிவுக்குப் பூடினாட் வந்தார். அந்தக் கருத்தைப் பத்திரிகையில் எழுதத் தலைவர் ஜான் ராஸ் அனுமதிக்கவில்லை. ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். 1834-இல் பத்திரிகை நின்றது. மறு ஆண்டு ஜார்ஜியாவின் காவல்படை அச்சகத்தைக் கைப்பற்றியது.

1835 டிசம்பர் 29-இல் பூடினாட்டும் அவரைச் சார்ந்த சிலரும், மக்களின் அனுமதி இல்லாமல், 50 லட்சம் டாலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 15,000-க்கும் மேற்பட்டோர் பெயரால் எதிர்ப்பு மனு போனது, பயனில்லை. 1838–39-இல் ஏறக்குறைய 16,000 பேரை ராணுவம் வீட்டிலிருந்து கிளப்பி மேற்கே அனுப்பியது. சுமார் 4,000 பேர் முகாமிலும் வழியிலும் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போய்ச் சேர்ந்தபின், 1839 ஜூன் 22-இல், பார்க் ஹில் என்ற ஊரில் மருந்து வேண்டும் என்று கேட்டு வந்த ஆள்கள் பூடினாட்டை வெட்டிக் கொன்றார்கள். அவர் அப்போது வூஸ்டரோடு சேர்ந்து செரோக்கியில் மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தார்.

நாம் பின்தொடர வேண்டிய இழை இங்கேதான் இருக்கிறது. வெளியேற்றத்துக்குச் சற்று முன்பு, 1835-இல், அமெரிக்க அரசு செரோக்கி நாட்டில் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. எத்தனை பேர் ஆங்கிலம் வாசிப்பார்கள், எத்தனை பேர் செரோக்கி வாசிப்பார்கள் என்றும் கேட்டது. மிஷன் பள்ளிகள் வந்து கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் ஆகியும் ஆங்கிலம் வாசிப்பவர் இருந்த வீடுகள் குறைவு. பள்ளியே இல்லாமல் பரவிய செரோக்கி எழுத்தை வாசிப்பவர் இருந்த வீடுகள் அவற்றைவிட மிக அதிகம். உழவர்களும் முதியவர்களும் பெண்களும் எழுதப்படிக்கத் தெரிந்த சமூகமாக அது மாறியிருந்தது.

மேற்கே போனபின் செரோக்கிகள் விரைவாகத் தங்களை மீண்டும் கட்டிக்கொண்டார்கள். டாலிக்வா புதிய தலைநகர். 1841-இல் சொந்தப் பள்ளிகளை நடத்தச் சட்டம் போட்டு 11 பள்ளிகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். இன்னொருவர் தயவில் அல்ல, தங்கள் பணத்தில். 1844-இல் 'செரோக்கி அட்வகேட்' என்ற இருமொழிப் பத்திரிகை தொடங்கியது. இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் அதே 1841-இல் அதே பேரவை இன்னொரு சட்டமும் போட்டது: கறுப்பின மக்களுக்கு எழுதப்படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம். வசதியுள்ள செரோக்கிகள் அடிமைகளை வைத்திருந்தார்கள். எழுத்தால் எழுந்து நின்ற ஒரு மக்கள், தங்கள் கையில் சிக்கியிருந்த மக்களுக்கு எழுத்தை மறுத்தார்கள். செரோக்கி வரலாற்றை நேசித்துப் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துபோகக் கூடாது.

சரி, அந்தச் சொந்தப் பள்ளிகளில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ஆங்கிலம். செரோக்கி மட்டுமே பேசும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், செரோக்கி ஒரு வார்த்தையும் தெரியாத ஆசிரியர் ஆங்கிலப் பாடநூலை நடத்தினார். பிள்ளைகள் ஆங்கிலத்தைச் சத்தமாக, பிழையில்லாமல் வாசிக்கக் கற்றார்கள். வாசித்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. இந்தக் காட்சியைத் தமிழ் வாசகருக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

உச்சியில் இருந்தவை இரண்டு செமினரிகள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. 1846-இல் பேரவை தீர்மானித்து, 1851 மே மாதத்தில் அடுத்தடுத்த நாள்களில் திறந்தார்கள். பெண்கள் செமினரி பார்க் ஹில்லில், உயர்ந்த செங்கல் தூண்களோடு எழுந்த கட்டடம். பாடத்திட்டத்துக்கு மாதிரி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரி. தலைவர் ராஸின் உறவினரும் பிரின்ஸ்டனில் படித்தவருமான வில்லியம் பாட்டர் ராஸும் டேவிட் வேனும் அங்கே நேரில் போய்ப் பேசி ஆசிரியைகளை அழைத்துவந்தார்கள். அங்கே படித்த எல்லன் விட்மோர் முதல் தலைமையாசிரியை. மிசிசிப்பிக்கு மேற்கே பெண்களுக்கு இப்படியொரு உயர்கல்வி கிடைத்த இடங்கள் அப்போது மிகச் சிலவே. லத்தீன், இயற்கணிதம், புவியியல், வரலாறு எல்லாம் இருந்தன.

செரோக்கி மொழி இல்லை. செரோக்கி வரலாறும் இல்லை.

நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில். ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் எளிதாகத் தேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரக் கலப்புள்ள, வசதியான குடும்பத்தவர். மலையோரத்தில் செரோக்கி மட்டும் பேசும் வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு, அவளுடைய ஊர்ப் பள்ளியே ஆங்கிலத்தைப் புரியவைக்காததால், செமினரியின் கதவு திறக்கவில்லை. எல்லோருடைய பொதுப்பணத்தில் கட்டிய கட்டடம் அது. தப்பித்தவறி உள்ளே போன செரோக்கி பேசும் மாணவிகள் சக மாணவிகளின் ஏளனத்துக்கு ஆளானார்கள். டெவன் மிஹெசுவா என்ற வரலாற்றாசிரியர் பெண்கள் செமினரியைப் பற்றி எழுதி 1993-இல் வெளிவந்த நூல் இந்தப் பிளவை விரிவாகக் காட்டுகிறது. மாணவிகள் 1854-இல் வெளியிட்ட 'செரோக்கி ரோஸ் பட்ஸ்' என்ற சிறு பத்திரிகையில் செரோக்கி எழுத்தில் சில பத்திகள் வந்திருக்கின்றன. வகுப்பறை கற்றுத்தராததை அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்து அச்சேற்றியிருக்கிறார்கள்.

ராஸையோ பூடினாட்டையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ட உலகம் அப்படி. நிலத்தைப் பறித்த ஒப்பந்தங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. வாஷிங்டனுக்குப் போன தூதுக்குழுவில் ஆங்கில மனு எழுதத் தெரிந்தவன் இல்லையென்றால் கேட்க நாதியில்லை. வழக்கு நடத்த ஆங்கிலம் வேண்டும், வணிகத்துக்கு வேண்டும், ஏமாறாமல் இருக்கவும் அது வேண்டும். செரோக்கி எங்கே போய்விடும், அதுதான் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறதே என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது உண்மையும்கூட. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். செரோக்கிகளுக்குச் சொந்த அரசு இருந்தது, சொந்த எழுத்து இருந்தது, அச்சகம் இருந்தது, வாசிக்கத் தெரிந்த மக்கள் இருந்தார்கள், பள்ளிகளும் தங்கள் கையில் இருந்தன. தாய்மொழிக் கல்விக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வாய்ப்பு, எந்த வெளியாரும் தடுக்காமலே கைநழுவிப் போனது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு சிலர் விழித்துக்கொண்டார்கள். 1870-இல் பேரவையின் ஒப்புதலோடு ஜான் ஜோன்ஸ் என்ற மிஷனரி செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் தொடக்கக் கணக்குப் புத்தகம் ஒன்று எழுதி வெளியிட்டார். அந்த முயற்சி பள்ளிகளின் போக்கை மாற்றும் அளவுக்கு வளரவில்லை.

பள்ளிக்கு வெளியே எழுத்து தன்பாட்டுக்கு வாழ்ந்தது. வூஸ்டரின் பார்க் ஹில் அச்சகம் ஆண்டுதோறும் செரோக்கிப் பஞ்சாங்கமும் பாட்டுப் புத்தகமும் அச்சடித்தது. 1860-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தது. சட்டங்கள் இரண்டு மொழியிலும் அச்சாயின. செரோக்கி பேசும் மக்கள் 1850-களின் இறுதியில் கூடி அமைத்த கீட்டூவா சங்கம் தன் விதிகளைச் செரோக்கியில் எழுதிவைத்தது.

மிஷனரிகள் விரும்பாத ஓர் இடத்திலும் எழுத்து வேர்விட்டிருந்தது: வைத்தியர்களின் கைக்குறிப்புகளில். மேற்கே போகாமல் வட கரோலினா மலைகளில் தங்கிவிட்ட ஒரு பிரிவு உண்டு. 1887-இல் அங்கே போனார் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜேம்ஸ் மூனி. ஆங்கிலமே கற்காத அயூனீனி என்ற வைத்தியரைச் சந்தித்தார். வெள்ளைக்காரர் வழக்கில் அவர் பெயர் 'ஸ்விம்மர்'. பேச்சுக்கு நடுவே ஸ்விம்மர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். சுமார் 240 பக்க நாட்குறிப்பு நோட்டு. ஏறக்குறையப் பாதிவரை எழுதியிருந்தது. நோய் தீர்க்கும் மந்திரங்கள், வேட்டைக்குப் போகுமுன் சொல்பவை, காதலுக்கானவை, பந்தாட்டத்தில் வெல்வதற்கானவை, எல்லாம் செக்வோயாவின் எழுத்தில், அவர் கையாலேயே எழுதியவை. குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழியாகவே வந்துகொண்டிருந்த அறிவு, சொல்லிக்கொடுக்க இளைஞர்கள் வராமல் போய்விட்டால் அழிந்துவிடும் என்ற கவலையில் பல வைத்தியர்கள் இப்படி எழுதிவைத்திருந்தார்கள். மூனி அந்த நோட்டை விலைக்கு வாங்கினார். பிறரிடமிருந்தும் சேகரித்து 1891-இல் வெளியிட்டார். பைபிளுக்காக அச்சேறிய எழுத்தே பைபிளுக்கு முந்திய நம்பிக்கைகளையும் காத்துத் தந்திருக்கிறது.

பள்ளிக்கு வெளியே இருந்த இந்த வாழ்வுக்குத் துணை நின்றது செரோக்கி அரசு. அந்த அரசின் அச்சகம், நீதிமன்றம், பத்திரிகை இருந்தவரை செரோக்கியில் எழுதுவதற்கு ஊரில் வேலை இருந்தது. 1898-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கர்ட்டிஸ் சட்டம் பழங்குடி நீதிமன்றங்களை ஒழித்தது. பள்ளிகளும் கூட்டாட்சி அரசின் பிடிக்குள் போயின. பொது நிலம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 1905-இல் அங்கிருந்த பூர்வகுடி நாடுகள் ஒன்றுகூடி, தங்களுக்கென்று தனி மாநிலம் வேண்டும், அதற்குச் 'செக்வோயா' என்று பெயர் வைக்க வேண்டும் என்று கோரின. காங்கிரஸ் செவிசாய்க்கவில்லை. 1906-இல் 'செரோக்கி அட்வகேட்' நின்றது. 1907-இல் ஒக்லஹோமா மாநிலம் பிறந்தது. 1909-இல் பெண்கள் செமினரியை மாநிலம் வாங்கி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக்கியது. எழுத்துக்கு வேலை கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போனபின், வீடும் தேவாலயமும் வைத்தியர் நோட்டும் மட்டுமே மிஞ்சின. வீட்டின் மேலும் கை வைத்தது அடுத்து வந்த தலைமுறையின் பள்ளி. தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசவில்லை.

1969-இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று, பூர்வகுடிக் கல்வி ஒரு தேசிய அவலம் என்று தலைப்பிலேயே சொல்லும் அறிக்கையை வெளியிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தாங்களே பள்ளி நடத்தியபோது செரோக்கிகள் 90 சதவீதம் தாய்மொழி எழுத்தறிவு பெற்றிருந்தார்கள், இப்போது அவர்களில் வயது வந்தோரில் 40 சதவீதம் பேர் போதிய எழுத்தறிவு இல்லாதவர்கள் என்றது அறிக்கை. அந்தப் பழைய பெருமையைச் செரோக்கிப் பள்ளிகளின் கணக்கில் எழுதிவிட்டார்கள். எழுத்தறிவில் பெரும்பங்கைத் தந்தவை பள்ளிகள் அல்ல என்பதை இதுவரை படித்த வாசகர் அறிவார்.

டர்பின் ஃபீலிங் என்ற மொழியறிஞரின் செரோக்கி–ஆங்கில அகராதி 1975-இல் வந்தது. செக்வோயாவின் எழுத்து 1999-இல் யூனிகோடில் இடம்பிடித்தது. 2010-இல் கைப்பேசிக்குள் நுழைந்தது. 2001-இல் டாலிக்வாவில் செரோக்கி நாடு முழுக்க முழுக்கத் தாய்மொழியிலேயே நடக்கும் மழலையர் வகுப்பைத் தொடங்கியது. அது பிறகு பள்ளியாக வளர்ந்தது. 1851-இல் செமினரி வாசலில் நிறுத்தப்பட்ட மொழி ஒரு வகுப்பறையின் முழு உரிமையாளராக உள்ளே வர 150 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்று அங்கே வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டில் பேசப்படுவது ஆங்கிலம். வீடு செய்த வேலையைப் பள்ளி ஒன்றே செய்தாக வேண்டிய நிலை. 2019-இல் மூன்று செரோக்கி அரசுகளும் கூடித் தங்கள் மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவித்தபோது, அதைச் சரளமாகப் பேசுவோர் சுமார் 2,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

வீட்டுக்குள் இருந்த மொழியைப் பள்ளி எப்படித் துரத்தியது என்பதற்கு 1879-க்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு, பென்சில்வேனியாவில் கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினார் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற படை அதிகாரி. கார்லைல் என்ற அந்த விடுதிப் பள்ளியை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)